ஆர்.வி.யில் வாஷிங்டன்: மூன்று நாள் குடும்பப் பயணத்தின் திட்டமியல்

1. பொருளும் எல்லையும்

படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை ஆகிய நான்கையும் தன்னகத்தே கொண்டு, ஓடவும் வல்லது ஆர்.வி. எனப்படும். நான்கில் ஒன்று குறையின் அது வேன். ஓட்டம் குறையின் அது வீடு. இவ்வாய்வு எடுத்துக்கொள்வது, நியூ ஜெர்சி மாநிலத்து எடிசனிலிருந்து வாஷிங்டன் டி.சி.க்கு ஒரு நீள வார இறுதியில் போய்த் திரும்பும் ஆறு பேர் குடும்பத்தை. கணவன், மனைவி, பிள்ளைகள் இருவர், ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கும் மனைவியின் பெற்றோர் என அறுவர். தூரம் போக ஏறத்தாழ 200 மைல், வரவும் அதே.

ஆய்வின் முடிபு முதலிலேயே தரப்படுகிறது: பெருநகருக்கு ஆர்.வி.யில் போவது என்பது, ஆர்.வி.யை அந்த நகருக்குள் கொண்டுபோகாமல் இருப்பதற்கான ஏற்பாடுகளின் தொகுப்பேயாகும். பின்வரும் பகுதிகள் இதனை நிறுவும்.

2. முன்னோர் நெறி

1910இல் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் காட்சிக்கு வைக்கப்பட்ட பியர்ஸ்-ஆரோ டூரிங் லாண்டோவை இவ்வகை ஊர்திகளுள் முதலாவது எனக் கொள்வர். இருப்பினும் எடிசன்வாசிகளுக்கு நெருங்கிய முன்னோர் வேறு. அவ்வூருக்குப் பெயர் தந்த தாமஸ் எடிசன், ஹென்றி ஃபோர்டு, டயர் தொழிலதிபர் ஹார்வி ஃபயர்ஸ்டோன் ஆகியோரோடு ஆண்டுதோறும் கோடையில் கார் வரிசை கட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் முகாமிடப் போய்க்கொண்டிருந்தார். 1921இல் மேரிலாண்டில் போட்ட முகாமுக்கு அமெரிக்க அதிபர் ஹார்டிங்கே வந்து தங்கினார்.

இவர்களை இன்றைய குடும்பத்துக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாமோ எனின், ஆகாது. அக்குழுவுக்குத் தனிச் சமையற்காரரும், அடுப்படிக்கென்றே ஒரு வண்டியும் உண்டு. யார் பாத்திரம் துலக்குவது என்ற வினா எழவே இடமில்லை. வினா எழாத பயணத்தைக் குடும்பப் பயணம் என்பது மரபன்று.

3. ஊர்தி வகை

ஆர்.வி. மூவகைப்படும். பேருந்து உருவில் வருவது ஏ வகுப்பு. வேனை உயர்த்திக் கட்டியது பி வகுப்பு. ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு பரண் படுக்கை நீட்டிக்கொண்டிருப்பது சி வகுப்பு. எழுத்து வரிசைக்கும் அளவு வரிசைக்கும் தொடர்பில்லை. பி தான் சிறியது. அறுவர் குடும்பத்துக்கு உரியது சி. வாடகைக்கு எடுக்கும் சி வகுப்பு வண்டியை வழக்கமான கார் உரிமத்திலேயே ஓட்டலாம் என்பது கணவருக்கு முதலில் மகிழ்ச்சியும், சாவி கைக்கு வந்தபின் அச்சமும் தருவது.

படுக்கைப் பங்கீடு வருமாறு: பின்னறைக் கட்டில் பெரியவர்களுக்கு, பரண் பிள்ளைகளுக்கு, சாப்பாட்டு மேசையை இறக்கி, மெத்தையைப் பரப்பினால் கிடைப்பது கணவன் மனைவிக்கு. ஆகவே கடைசியாகச் சாப்பிடுகிறவர் எழும்வரை இவ்விருவரும் படுக்க முடியாது. “ஆறு பேர் உறங்கலாம்” என்ற விளம்பரத்தை மட்டும் நம்பாமல், இருக்கைப் பட்டைகள் எத்தனை என்று தனியே கேட்பது அறிவுடைமை. படுக்கை எண்ணிக்கையும் பட்டை எண்ணிக்கையும் எல்லா வண்டியிலும் ஒத்துப்போவதில்லை. ஓடும்போது படுக்கை கணக்கில் வராது.

4. வழி

நியூ ஜெர்சி டர்ன்பைக், டெலவேர் மெமோரியல் பாலம், பிறகு ஐ-95. காருக்கு இவ்வளவே, ஜி.பி.எஸ். சொன்னபடி போனால் போதும். ஆர்.வி.க்கு அந்தச் சொல் வேதமன்று. எற்றுக்கெனின், பால்டிமோர் துறைமுகத்தின் அடியில் செல்லும் இரு சுரங்கச் சாலைகளிலும் ஒரு கலனுக்கு 10 பவுண்டுக்கு மேல் புரோப்பேன் வாயு கொண்டுபோகத் தடை. சி வகுப்பு வண்டியின் வயிற்றில் பொருத்தியிருக்கும் கலன் அதனினும் பெரிது. சுரங்கத்துக்கு மாற்றாக இருந்தது 1977இல் திறந்த ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம். 2024 மார்ச் 26 அன்று சரக்குக் கப்பல் மோதி அதுவும் விழுந்தது. எனவே பால்டிமோருக்கு வடக்கிலேயே ஐ-695க்குத் திரும்பி, டவ்சன் வழியாக மேற்கே வளைந்து, ஊருக்குத் தெற்கே மீண்டும் ஐ-95ஐப் பிடிப்பதே நெறி. இதனை முந்தின இரவே தாளில் எழுதி ஓட்டுநர் முன் ஒட்டிவைப்பது ஒரு சாரார் வழக்கு. “நேராப் போனா என்ன மாப்ளே, எல்லாரும் போறாங்களே” என்று மாமனார் கேட்கும்போது அத்தாள் மேற்கோளாகப் பயன்படும்.

உயரம் அடுத்தது. வண்டியின் உயரம் ஏறத்தாழ 11 அடி. கூரை மேல் இருக்கும் ஏ.சி.யையும் சேர்த்தே எண்ண வேண்டும். நகரத்து அடுக்கு வாகன நிறுத்தங்களின் வாயில் பெரும்பாலும் 7 அடிக்கும் கீழ். முதற்பகுதியில் கூறிய முடிபு இவ்விடத்திலேயே பாதி நிறுவப்படும்.

திரும்பும்போது பின்சக்கரத்துக்கு அப்பால் நீண்டிருக்கும் வால், வளைவுக்கு எதிர்ப்புறம் வீசும். பெட்ரோல் நிலையத்துத் தூண்கள் இதனை முன்பே அறிந்தவை. அவற்றின் மேலுள்ள கீறல்கள் சான்று. எரிபொருளோ காலனுக்கு 8 முதல் 10 மைல். 400 மைலுக்கு 40 முதல் 50 காலன் வரை ஆகும்.

5. நிறுத்துமிடம்

தலைநகரை ஒட்டித் தங்க இரு தலங்கள் கருதத்தக்கன. ஒன்று, காலேஜ் பார்க்கில், தலைநகரைச் சுற்றியோடும் பெல்ட்வே நெடுஞ்சாலையும் ஐ-95உம் கூடும் இடத்தருகே உள்ள செரி ஹில் பார்க். தண்ணீர், மின்சாரம், கழிவு என மூன்று இணைப்பும் உண்டு. மற்றது, தேசியப் பூங்காத் துறையின் கிரீன்பெல்ட் பார்க். மரம் உண்டு, நிழல் உண்டு, இணைப்பு ஏதும் இல்லை. இயற்கையை விரும்புவோர் இரண்டாவதைச் சொல்வர். இரவு ஏ.சி. ஓடுமா என மாமியார் கேட்டதும் முதலாவது முடிவாகும்.

இடம் பிடிக்கும்போது ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறும் வகை கிடைக்குமா என்று கேட்பது கட்டாயம். கிடைக்காவிடில் பின்னோக்கி விட வேண்டும். அப்போது மாமனார் இறங்கிப் பின்னால் நின்று, “வாங்க வாங்க… ரைட்டு… இன்னும் வரலாம்… ஹோல்டான்!” என்று வழிகாட்டுவார். அரசுப் பேருந்துகளில் நிலைபெற்ற இம்முறையில் ஒரு குறை உண்டு: ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும் இடத்தில் அவர் ஒருபோதும் நிற்பதில்லை.

6. மின்னியலும் அடுப்படியும்

30 ஆம்பியர் இணைப்பில் 120 வோல்ட்டுக்குக் கிடைப்பது 3,600 வாட். ஏ.சி. ஏறத்தாழ 1,500, மைக்ரோவேவ் 1,500, இன்ஸ்டன்ட் பாட் 1,000. கூட்டினால் 4,000. ஆகவே ஏ.சி. ஓட, சோறு வேக, குழந்தைக்குப் பால் சூடாக்க நேர்ந்தால் பிரேக்கர் விழும், வண்டி இருளும், ஐந்து பேர் ஆறாமவரைப் பார்ப்பர். 50 ஆம்பியர் இணைப்பு இரு கம்பிகளில் 12,000 வாட் தரும் என்றாலும், வண்டி அதற்கென அமைந்திருந்தால்தான் பயன். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸி இதனுள் முனகும், அரைக்காது. சட்னியை வீட்டிலேயே அரைத்துக் கட்டுவது நன்று.

புரோப்பேன் காற்றைவிடக் கனமானது. அதனால் வாயுக் கசிவை உணரும் கருவி தரையை ஒட்டி இருக்கும். புகையை உணர்வது கூரையில் இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் நடப்பது தாளிப்பு. கடுகு வெடித்து, வற்றல் மிளகாய் கருகத் தொடங்கும் கணத்தில் கூரைக் கருவி அலறும். சன்னலைத் திறந்து, விசிறியைப் போட்டு, ஒருவர் துண்டால் வீசிக்கொண்டிருக்க மற்றவர் தாளிப்பதே ஏற்கப்பட்ட முறை.

வாயுவில் ஓடும் குளிர்பெட்டி சில்லிடப் பல மணி நேரம் எடுக்கும். முந்தின இரவே அதனை ஓடவிட வேண்டும். ஒவ்வொரு முறை புறப்படுமுன்னும் அலமாரித் தாழ்களைச் சரிபார்க்க வேண்டும். இல்லையேல் முதல் வளைவிலேயே சாம்பார்ப் பாத்திரம் தானே வெளிவரும்.

7. நீரியல்

வண்டியுள் தொட்டிகள் மூன்று: நன்னீர், குளியல் கழிவு, கழிப்பறைக் கழிவு. வெந்நீர்க் கலன் பெரும்பாலும் 6 காலன். மாமனாரின் தலைக்குளியல் ஒன்றுக்குச் சரியாக இருக்கும். குழாய் இணைப்பு இருப்பதால் நீர் வற்றாது என்று எண்ணிக் குளித்துக்கொண்டே இருப்பவர், கழிவுத் தொட்டி நிறைந்ததைக் கால் நனையும்போது அறிவார்.

கழிப்பறைத் தொட்டியின் அடைப்பானைத் தங்கும் நாள் முழுவதும் மூடியே வைக்க வேண்டும். திறந்துவிட்டால் நீர் மட்டும் ஓடி, மற்றது தங்கி இறுகும். வெளியேற்றும்போது கழிப்பறைத் தொட்டி முதலில், குளியல் தொட்டி பின்னர். பின்னதன் சோப்பு நீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். வரிசையை மாற்றுதல் பிழை. கையுறையை யார் அணிவது என்பதில் நூல்கள் மௌனம் சாதிக்கின்றன. வழக்கில் அது மாப்பிள்ளை. யோசனை கூறுவோர் பத்தடி தள்ளி, காற்று வரும் பக்கம் நிற்பர்.

8. நகர்ப் படலம்

வண்டியை நிறுத்தியபின் நகர் செல்வது பேருந்தும் மெட்ரோவும் கொண்டு. பச்சைத் தடத்தில் ஏறி லான்ஃபான்ட் பிளாசாவில் இறங்கினால் அருங்காட்சியகங்கள் நடை தூரத்தில். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. டிசம்பர் 25 தவிர எல்லா நாளும் பெரும்பாலானவை திறந்திருக்கும். 555 அடி வாஷிங்டன் நினைவுத்தூணின் மேலே போக நேரம் குறித்த சீட்டு வேண்டும். கட்டி எடுத்துச் சென்ற புளியோதரையை மெட்ரோவில் பிரிக்கலாகாது. ரயிலிலும் நிலையத்திலும் உண்ணத் தடை. நேஷனல் மால் புல்வெளியில் உண்ணலாம்.

புறநடையாக ஒன்று: லேன்ஹமில் உள்ள சிவ விஷ்ணு ஆலயம் பெல்ட்வேயை அடுத்தது, நகருக்குள் போகாமலே தரிசிக்கலாம். பெரியவர்களின் பட்டியலில் அது முதலாவதாகவும், பிள்ளைகளின் பட்டியலில் விண்வெளி அருங்காட்சியகம் முதலாவதாகவும் நிற்கும். மூன்று நாளில் இரண்டும் அடங்கும். மனைவியின் பட்டியல் கேட்கப்படுவதில்லை.

9. ஒப்படைப்பு

வாடகை, அனுமதித்த மைலுக்கு மேற்பட்ட மைல், ஜெனரேட்டர் ஓடிய மணி, சுங்கம், முகாமிடக் கட்டணம், எரிபொருள் எனக் கூட்டினால், இரு ஓட்டல் அறைகளும் ஒரு காரும் மலிவாக இருந்திருக்கும் என்ற முடிவு பெரும்பாலும் பெறப்படும். இதனை மாமனார் கூட்டிப் பார்ப்பார். விடை வந்தபின் உரக்கச் சொல்வார். மறுப்புரையாக மாமியார், மூன்று நாளும் வெளிச் சாப்பாடு இல்லாமல் ரசஞ்சோறு கிடைத்ததை எடுத்துக்காட்டுவார். வழக்கு தீர்க்கப்படாமல் அடுத்த நீள வார இறுதிக்கு ஒத்திவைக்கப்படும்.

ஒப்படைக்கும் நாளில் கழிவுத் தொட்டிகள் காலியாகவும், எரிபொருள் எடுத்தபோது இருந்த அளவிலும், உள்ளே பெருக்கியும் இருத்தல் வேண்டும். கடைக்காரர் சுற்றி வந்து கீறல் பார்த்து, ஜெனரேட்டர் மணியைக் குறித்து, குறையிருப்பின் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார். இரசீதில் கையெழுத்தானதும் பயணம் முற்றுப்பெறும்.