வாங்கலாம், வைத்துக்கொள்ள முடியாது

யூபிசாஃப்ட் நிறுவனத்தின் பெருந்தன்மையைப் பாராட்ட ஆளில்லை என்பதுதான் என் வருத்தம். 2014 டிசம்பரில் 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டை விற்பனைக்கு விட்டார்கள். சுருக்கி வரைந்த அமெரிக்கா. நியூயார்க்கில் வண்டியை எடுத்தால் லாஸ் ஏஞ்சலஸ் வரை ஒரே ஓட்டம். தனியாக ஓட்டினாலும் கம்பெனி சர்வர் கூடவே வரும். அது வராவிட்டால் வண்டி நகராது. அவ்வளவு அக்கறை!

2024 மார்ச் 31-ல் சர்வரை அணைத்தார்கள். ஓடாத வண்டி கண்ணெதிரே நின்றால் மனக்கஷ்டம் அல்லவா? அதனால் காசு கொடுத்தவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையும் துடைத்தெடுத்தார்கள். சுத்தம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

விளையாட்டுகள் சொந்தமாக இல்லாத நிலைக்கு ஆட்டக்காரர்கள் பழகிக்கொள்ள வேண்டும் என்று அந்நிறுவன அதிகாரி ஒருவர் ஜனவரியிலேயே பேட்டியில் சொல்லியிருந்தார். இந்த ஞானம் எல்லா வியாபாரத்துக்கும் பரவ வேண்டும். பாத்திரக்கடைக்காரர் பத்து வருஷம் கழித்து வந்து இட்லிப் பானையைத் தூக்கிக்கொண்டு போகட்டும், வெந்துகொண்டிருக்கும் இட்லியோடு.

வாடிக்கையாளர் நலன் காக்கக் கலிஃபோர்னியா சட்டமே போட்டுவிட்டது. விற்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் 2025 முதல் 'வாங்கு' பொத்தானை வைக்கக் கூடாது. பிடுங்கலாம், சொல்லிவிட்டுப் பிடுங்க வேண்டும்.

எனவே வாசகரே, அடுத்த முறை கார்டு எண்ணைத் தட்டும்போது நீங்களும் ஒரு வரி சேருங்கள்: இந்தப் பணம் உங்களுக்குச் சொந்தமல்ல, நினைத்தபோது திரும்ப எடுத்துக்கொள்ளப்படும்.