நான்கு இளையராஜாக்கள்

கேஸ் ரசீது, கரண்ட் பில், குழந்தையின் தடுப்பூசி அட்டை என்று எல்லாவற்றையும் தேதிவாரியாகத் துளை போட்டுக் கோத்துவைக்கிற ஆசாமி நான். அப்படிப்பட்டவன் கையில் 8 ஜிபி மெமரி கார்டு ஒன்று கிடைத்தால் குடும்பம் என்ன பாடுபடும் என்பது, நோக்கியா 5800 வீட்டுக்குள் வந்தபோது தெரிந்தது. 2008 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட போன், மறுவருஷம் என் சட்டைப் பைக்கு வந்தது. கார்டும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஐந்து நிமிஷப் பாட்டுக்கு ஐந்து எம்பி என்று பேப்பரில் கணக்குப் போட்டேன். ஆயிரத்தைந்நூறு பாட்டுக்கு மேல் அடங்கும். என் ஆயுளில் அத்தனை பாட்டை விரும்பியதில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

முதலில் அந்தத் திரையைச் சொல்ல வேண்டும். 3.2 அங்குலம். இன்றைய திரைகள் விரல் பட்டாலே உருகுகின்றன. அது அழுத்தினால்தான் அசையும் ரெசிஸ்டிவ் வகை. மேலே ஒரு படலம், கீழே ஒரு படலம், நடுவே நூலிழை இடைவெளி. அழுத்துகிற இடத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டால் வேலை நடக்கும். அழுத்துவது எது என்று அது விசாரிக்காது. கிட்டார் மீட்டுகிற வில்லையின் வடிவில் ஒன்றைப் பெட்டியிலேயே கொடுத்திருந்தார்கள், பின்மூடிக்குள் ஒரு குச்சி வேறு. அப்பா இரண்டையும் மதிக்காமல் மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பியால் குத்தினார். மனைவி தோசை மாவுக் கையோடு விரல் கணுவால் அழுத்துவாள், அதற்கும் பாடியது. நான் வலது கட்டைவிரல் நகத்தை வளர்த்தேன். "வீணை கத்துக்கிறீங்களா சார்?" என்று ஆபீஸில் மரியாதையாகக் கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

பாட்டு ஏற்றுவது அப்போது ஒரு தெருமுனைத் தொழில். 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று பலகை மாட்டிய மொபைல் கடையில் ஒரு பையன் இருந்தான். "என்ன சார் வேணும், சோகமா, குத்தா, சாமியா?" மனித வாழ்க்கையை மூன்றே ஃபோல்டரில் அடக்கியிருந்தான். இசையமைப்பாளர்வாரியாக, அதற்குள் வருஷவாரியாக, அதற்குள் படவாரியாக வேண்டும் என்றேன். பையன் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு கார்டு ரீடரைத் தேடினான். "வீட்ல கம்ப்யூட்டர் இருக்கா சார்?"

இருந்தது. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அடுக்கினேன். 'இளையராஜா', அதற்குள் '1985', அதற்குள் 'சிந்து பைரவி'. அடுக்கிய அழகைக் காட்ட மனைவியை எழுப்பினேன். "காலையில பாத்துக்கலாங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். காலையில் போனில் கார்டைப் போட்டு, மியூசிக் பிளேயரைத் திறந்து, நூலகத்தைப் புதுப்பிக்கச் சொன்னேன். அது ஒவ்வொரு பாட்டாக எண்ணி முடித்தது. என் ஃபோல்டர் ஒன்றைக்கூடக் காணவில்லை.

விஷயம் இதுதான். நாம் எந்த ஃபோல்டரில் வைத்தோம் என்பதை அந்த பிளேயர் பொருட்படுத்தாது. பாட்டின் வாலில் யாரோ எழுதி ஒட்டியிருக்கும் சீட்டைத்தான் நம்பும். 1996-இல் எரிக் கெம்ப் என்பவர் ஏற்படுத்திய வழக்கம் அது. எம்பி3 கோப்பின் கடைசியில் 128 பைட்: தலைப்புக்கு 30, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருஷத்துக்கு 4. பாட்டின் வகைக்கு ஒரே ஒரு பைட். நம் பாட்டுகளில் பாடியவர் என்ற இடத்தில் பெரும்பாலும் பாடியவர் இருக்கமாட்டார். பாட்டைக் கணினியில் ஏற்றிய புண்ணியவானின் விளம்பரம் இருக்கும். ஆக, என் போனில் மிக அதிகமாகப் பாடியிருந்தவர் எஸ்.பி.பி. அல்ல, ஒரு இணையதளம்.

இளையராஜா மட்டும் நான்கு பேராக இருந்தார். ஆங்கில எழுத்தில் நடுவே ஒரு 'ஐ' வைத்தவர், வைக்காதவர். கடைசியில் இரண்டு 'ஏ' வாங்கியவர், ஒன்றோடு திருப்தியடைந்தவர். நான்கு பேருக்கும் தனித்தனிக் குடித்தனம். 1965-இல் பிரிந்த விஸ்வநாதன் - ராமமூர்த்தியை நடுவில் போடும் குறிகளை மாற்றி மாற்றி என் போன் மறுபடியும் பலமுறை பிரித்துவைத்திருந்தது.

வகைதான் உச்சம். முதலில் போட்ட பட்டியலில் எண்பது வகைகள். போல்கா இருக்கிறது, கேங்ஸ்டா இருக்கிறது. கர்நாடக சங்கீதம் இல்லை, திருப்புகழுக்கும் இடமில்லை. பட்டியல் பூஜ்யத்தில் ஆரம்பிக்கிறது. பூஜ்யம் என்றால் ப்ளூஸ். வகை எதுவென்று யோசிக்காமல் அந்த பைட்டைப் பூஜ்யமாக விட்டவர்களின் பாட்டெல்லாம் ப்ளூஸ் ஆகிவிடும். அப்படித்தான் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம் என் போனில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயர இசையோடு சேர்ந்திருந்தது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அவள் "கவசம் போடுடா" என்றால் நான் சத்தமில்லாமல் ப்ளூஸுக்குள் போய் எடுத்துக்கொடுப்பேன்.

டேக் எனப்படும் அந்தச் சீட்டுகளைத் திருத்தும் வேலையில் இறங்கினேன். ஆபீஸில் செய்யாத எழுத்து வேலையை ராத்திரியில் வீட்டில் செய்தேன், ஓவர்டைம் இல்லாமல். பாட்டு கேட்பது அடியோடு நின்றுபோனது. தலைப்பைத் திருத்த ஒரு பாட்டைத் தொடங்குவேன். எந்தப் படம் என்று தெரிந்ததும் நிறுத்திவிடுவேன். வீட்டில் அந்தக் காலத்தில் பல்லவியைத் தாண்டி ஒரு பாட்டும் ஒலித்ததில்லை.

ஆல்பத்துக்கு அட்டைப்படம் சேர்த்தது இன்னொரு புத்திசாலித்தனம். கார்டில் எங்கே படம் கிடந்தாலும் அந்த போனின் கேலரி பொறுக்கி எடுத்துக்கொள்ளும். மகளின் காதுகுத்துப் படங்களை மாமனாரிடம் பெருமையாகக் காட்டினேன். குழந்தை அழுகிறது, தாய்மாமன் மடி, ஆசாரி ஊசி, அடுத்து சில்க் ஸ்மிதா. மாமனார் படத்தைத் தாண்டவில்லை. தாண்டத் தெரியவில்லையா, மனமில்லையா என்று கேட்க முடியாத உறவு அது. "இதுவும் நம்ம வீட்டு விசேஷமா மாப்ளே?" என்றார்.

ஆடி மாதம் வந்தது. தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாளில் மைக் செட்காரரிடம் பாட்டு போதவில்லை. திருத்திய கார்டை ஊர் அறிய இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? கேட்காமலே கொண்டுபோய்க் கொடுத்தேன், 'அம்மன் பாடல்கள்' என்ற ஃபோல்டரைப் பற்றி ஒரு சிறு விளக்கத்தோடு. அவருடைய பெட்டிக்குத் திரையே கிடையாது. டேக்கும் தெரியாது, ஃபோல்டரும் தெரியாது. கார்டில் எது முதலில் எழுதப்பட்டதோ அது முதலில். ஈச்சங்கீற்றுப் பந்தலில் எல்.ஆர். ஈஸ்வரி அம்மனை வர்ணித்து முடித்த கையோடு, நான் முதல் வாரத்தில் ஆசையாக ஏற்றிய கிளப் டான்ஸ் பாட்டுகள் வரிசையாகப் புறப்பட்டன. கூழ் வாங்க நின்ற பையன்கள் ஆடினார்கள். தர்மகர்த்தா மைக் செட்காரரைப் பார்த்தார். மைக் செட்காரர் என்னைப் பார்த்தார். நான் அம்மனைப் பார்த்தேன்.

மறுநாள் கார்டு பத்திரமாக வீட்டுக்கு வந்துசேர்ந்தது. "கோவிச்சுக்காதீங்க சார். கார்டுல நிறைய எடம் இருந்துச்சு. உங்களுக்காக நானும் கொஞ்சம் பாட்டு ஏத்தி வெச்சிருக்கேன்" என்றார் மைக் செட்காரர்.

நூலகத்தைப் புதுப்பித்துப் பார்த்தேன். ஐந்தாவதாக ஒரு இளையராஜா வந்திருந்தார். இவருக்கு இரண்டு 'எல்'.