மூட்டைத்திணை: மொபெட்டில் கூடாரம் ஏற்றுதல் குறித்த ஓர் ஆராய்ச்சி

‘இப்பொருள் குறித்து இதுவரை எவரும் ஆராயவில்லை’ என்பது ஆய்வேட்டின் முதல் வாக்கியம். யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்று தேடிப் பார்ப்பது அதன் பிறகு செய்ய வேண்டிய வேலை; செய்தவர் குறைவு. மரபை மீறாமல் இந்த ஆராய்ச்சியும் அப்படியே தொடங்குகிறது. மொபெட்டில் கூடாரமும் பாத்திரமும் கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போய் இரவு தங்குவது குறித்து இதுவரை எவரும் ஆராயவில்லை.

ஆய்வின் நோக்கம், ஆராய்வது. எல்லை, ஓசூர் முதல் கொல்லிமலை வரை. கருதுகோள், கட்டிய மூட்டை அவிழும். முதன்மைச் சான்று ஓர் எக்ஸ்எல் 100, அதை ஓட்டிய ஆய்வாளர். துணைமைச் சான்று, வழிநெடுக இருந்த பஞ்சர்க் கடைகள். நெறியாளர் இந்த ஏட்டைப் படித்து ஒப்பமிட்டார் என்று எழுதுவது வழக்கம். ஒப்பமிட்டது உறுதி.

சொல்லிலிருந்து தொடங்குவதே முறை. மோட்டாரையும் பெடலையும் ஒட்டவைத்து ‘மொபெட்’ என்ற சொல்லை 1952இல் உருவாக்கியவர் ஹரால்ட் நீல்சன் என்ற சுவீடன் பத்திரிகையாளர். 1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டிவிஎஸ் 50 அந்தச் சொல்லுக்கு உண்மையாக இருந்தது: 50 சிசிக்கு ஒரு முடி குறைவான எஞ்சின், கூடவே சைக்கிள் பெடல். பெட்ரோல் தீர்ந்தால் மிதித்துக்கொண்டே வீடு போகலாம் என்பது சூத்திரம். மிதித்துப் பார்த்தவர்கள், தள்ளிக்கொண்டு போவதே மேல் என்று அதற்கு உரை எழுதினார்கள். இன்றைய எக்ஸ்எல் 100க்கு 99.7 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், பெடலே கிடையாது. ஆனாலும் அது மொபெட்தான். ஊரில் பலருக்கு இன்னும் ‘டிவிஎஸ் ஃபிஃப்டி’தான். காரணப்பெயர் காரணத்தைத் தொலைத்துவிட்டு இடுகுறிப்பெயராக அலைவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நன்னூலுக்கும் கிடைத்திருக்காது.

அடுத்த சொல் தார்ப்பாய். இதைக் கண்டால் சொல்லாராய்ச்சியாளருக்குக் கை நமநமக்கும். தார் தமிழ்: வேந்தன் மார்பில் கிடப்பது, வாழையில் தொங்குவது. பாயும் தமிழ். ஆகவே தார்ப்பாயைத் திருடிக்கொண்டு போய்த்தான் வெள்ளைக்காரன் ‘டார்பாலின்’ ஆக்கினான் என்று நாற்பது பக்கம் எழுதி, ஒரு மாநாட்டில் படித்து, பொன்னாடையும் பெறலாம். மெய்யோ தலைகீழ். பூசுகிற தாரே கப்பலேறி வந்த சொல். டார்பாலின் என்ற ஒலியின் வாலில் தமிழ்க் காது ஒரு பாயைக் கண்டது, விரித்துவிட்டது. இங்கிருந்து மெய்யாகவே ஆங்கிலத்துக்குப் போன சொல் கயிறு. மலையாளக் கரை வழியே போய் ‘காயர்’ ஆனது. அதில் யாரோடும் சண்டை போட முடியாது என்பதால் அதற்கு மாநாடு இல்லை.

பொருள் மூவகை: முதல், கரு, உரி. மூட்டைத்திணையின் முதற்பொருள் நிலமும் பொழுதும், அதாவது எங்கே போகிறோம், இருட்டுவதற்குள் சேர்வோமா என்பவை. கருப்பொருள், சாமான். உரிப்பொருள் பாலைக்கு உள்ளது போலப் பிரிவே. இங்கே பிரிவது தலைவனும் தலைவியும் அல்லர், வண்டியும் சாமானும்.

கருப்பொருள்களில் சிலவற்றுக்கு ஒரு வரி போதும். தீப்பெட்டி இரண்டு, ஒன்று நனைவதற்கு. டார்ச், பகலெல்லாம் மேலேயும் இருட்டியதும் அடியிலும் காணப்படும். கோரைப்பாய் சுருட்டினாலும் ஆளுயரம் குறையாது. வண்டிக்குக் குறுக்கே கட்டினால் எதிரே வருகிறவரையும் படுக்க வைக்கும். உப்பு, மறந்தாகிவிட்டது.

பெட்ரோலுக்கு இன்னும் சில வரிகள் வேண்டும். டாங்க் கொள்வது 4 லிட்டர். அதில் ஒன்றேகால் லிட்டர் ரிசர்வ். பாரத்தோடு லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் என்று வைத்தாலும் இருநூறோடு சரி. ஆய்வின் எல்லை டாங்கின் எல்லையைச் சற்றே தாண்டுகிறது. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியென்றால் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் கலக்கும் சடங்கு வேறு. கலக்க மறந்தால் பிஸ்டன் உள்ளேயே பிடித்துக்கொள்ளும். கூடுதலாகக் கலந்தால் பின்னால் வருபவர் ஊர் எல்லை வரை வாழ்த்திக்கொண்டே வருவார்.

மூட்டை கட்டும் கலை தமிழுக்குப் புதிதல்ல. மலைபடுகடாம் தொடங்குவதே மூட்டையில்தான். முழவு, ஆகுளி, கொம்பு, குழல் என்று கூத்தர்கள் தம் கருவிகளைப் பையில் இட்டு, இருபக்கமும் எடை ஒக்கக் கட்டிக் காவிப் போகிறார்கள். பலாமரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவது போல அவை தொங்குகின்றன. அந்தப் பைக்குப் பெயர் கலப்பை. கலம் இடும் பை; ஏர்க் கலப்பை அல்ல. கூத்தர்கள் ஓய்வு நேரத்தில் உழவும் செய்தார்கள் என்று கட்டுரை எழுதக் கிளம்பியவர்கள் தயவுசெய்து உட்காரவும்.

இருபக்கமும் எடை ஒக்க வேண்டும் என்ற கூத்தர் விதி மொபெட்டுக்கும் பொருந்தும். ஆனால் காவடித் தண்டு தோளின் நடுவே நிற்கும். மொபெட்டின் கேரியரோ பின் அச்சையும் தாண்டி நீளும். அச்சுக்குப் பின்னால் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தின் பாரத்தைக் குறைக்கும். ஹேண்டில் லேசாகும், ஏற்றத்தில் வண்டி தலையைத் தூக்கும். கனமானது தாழ்வாகவும் முன்னாலும் இருக்க வேண்டும், லேசானது மேலே போகலாம். ஊரில் இதை யாரும் பாடமாகப் படிப்பதில்லை. 14.2 கிலோ கேஸ் அடைத்த சிலிண்டர் இரும்போடு சேர்ந்து முப்பது கிலோவை நெருங்கும். அது எக்ஸ்எல்லில் கால் வைக்கும் இடத்தில், இரண்டு முழங்காலுக்கும் நடுவே, வீட்டுப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றுகொண்டு வரும். ஆய்வாளர் அந்த இடத்தில் தம் நூல்களை வைத்தார்.

கூடாரத்தை மட்டும் அவர் பிரித்துக் கட்டினார். துணி பின்னால், கம்பிகள் ஹேண்டிலோடு, முளைகள் சமையல் பையில். இதற்கு ஆதாரம் உரைமரபு. பத்துப்பாட்டுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் ஓரிடத்துச் சொல்லைக் கழற்றிப் பல அடி தள்ளி இன்னோரிடத்தில் மாட்டிப் பொருள் சொல்லுவார். முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் மறைமலையடிகள் அதற்காக அவரைக் கடிந்ததும் உண்டு. இருட்டில் முளையைச் சமையல் பையிலும், கம்பியை ஹேண்டிலிலும் தேடிக் கண்டுபிடித்துத் துணியோடு முடிக்கிறவருக்குத்தான் அடிகளாரின் கோபம் முழுதாகப் புரியும்.

இனிக் கயிறு. மற்றவையெல்லாம் இதற்கு முன்னுரை.

தமிழில் கூடாரக் கயிற்றுக்கு வயது அதிகம். பத்துப்பாட்டிலேயே மிகச் சிறியதான முல்லைப்பாட்டில், 103 அடிகளுக்குள், நப்பூதனார் ஒரு பாசறையையே அமைத்துவிடுகிறார். அங்கே கால் ஊன்றிக் கயிறிழுத்து இருப்பிடம் கட்டுகிறார்கள். அது நார்க் கயிறா, தோல் கயிறா, என்ன முடிச்சு என்று அவர் சொல்லவில்லை. புலவர் சொல்லாமல் விட்ட இடம் புறம்போக்கு. ஆராய்ச்சியாளர்கள் குடிசை போடுவது அங்கேதான்.

இன்று கட்சி மூன்று. பருத்திக் கயிற்றார் சொல்வது: நனைந்தால் எங்கள் கயிறு சுருங்கி இறுகும், மழையே வந்து கட்டிக் கொடுக்கும். உண்மைதான்; அவிழ்க்கத்தான் கத்தி வேண்டும். நைலானார் சொல்வது: அறாது. அதுவும் உண்மை; ஆனால் வழுக்கும், முடிச்சு தானாக நெகிழும், நனைந்தால் கொஞ்சம் நீளும். ‘டியூப்பே கயிறு, மற்றவை நூல்’ என்பர் டியூப்பார் (பஞ்சர்க் கடைச் சுவர், கரி எழுத்து, வரி 3). இவ்வரி பிற்கால இடைச்செருகல் என்பாரும் உளர் (மேலது, வெள்ளையடித்த பின்).

டியூப்பாருள்ளும் இரு பிரிவு. கிழிந்த பழைய டியூப்பை நறுக்கிக் கட்டுவது பழையோர் கொள்கை. பழசு வெடிப்பு விட்டிருக்கும், புதுசை நறுக்குவதே சிறப்பு என்பது புதியோர் கொள்கை. ‘இறுக்கு’ என்ற அறிவுரையைப் பழையோர் ‘இருக்கு’ என்று பாடங்கொண்டு, அதாவது டியூப் ஏற்கெனவே வீட்டில் இருக்கு என்று, பொருள் கூறுவர் (தேநீர்க் கடை பெஞ்சு, இடது ஓரம், ஆணிக் கீறல், பெஞ்சைத் திருப்பிப் போட்டுவிட்டதால் இன்றைய வலது ஓரம்). எத்தனை சுற்று என்பதில் ஐந்து என்றும் ஏழு என்றும் இரு மரபுகள் உள்ளன (சாலையோரப் புளியமரம், தெற்குப் பட்டை, ஆணியடித்த தகரம், இரண்டாம் பூச்சு, முதற்பூச்சைத் துரு தின்றது, மூன்றாம் பூச்சு கட்சிச் சுவரொட்டிக்கு அடியில், அதைச் சுரண்டிப் பார்த்தவர் சொல்லக் கேட்டவர் வாய்மொழி, கேட்டவருக்கு அந்தப் பக்கக் காது மந்தம்).

இத்தனை சண்டையிலும் எவரும் தொடாத ஓர் உண்மை ரப்பருக்குள் இருக்கிறது. பாரம் கட்டி இழுபட்டு நிற்கும் ரப்பரைச் சூடாக்கினால் அது நீளாது, சுருங்கும். இரும்பு செய்வதற்கு நேர் எதிர். இதை 1805இல் எழுதிவைத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் கவ். கண் பார்வை இல்லாதவர். ரப்பரை இழுத்து உதட்டில் வைத்தே அதன் சூட்டை அறிந்தார். பின்னால் ஜூல் அதை அளந்து உறுதி செய்தார். கொல்லிமலைக் காலைக் குளிரில் 15 டிகிரியில் கட்டிய டியூப், சேலத்து வெயிலில் 40 டிகிரியை எட்டும்போது, நீளம் மாறாதிருந்தால், அதன் இழுவிசை ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கு கூடும். மலையிலிருந்து இறங்குகிறவருக்குக் கட்டு இறுகும், ஏறுகிறவருக்குத் தளரும். ஆய்வாளர் ஏறினார்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். எக்ஸ்எல்லுக்குக் கியர் மாற்றும் வேலை இல்லை. ஒரே வேகப்பல், தானே பிடித்துத் தானே விடும் கிளட்ச். ஆகவே வண்டி ஏறுகிற வேகத்தில் வளைவு எண் பலகைகளைப் படிக்கலாம், அவற்றின் எழுத்தமைதியையும் ஆராயலாம். இது வல்வில் ஓரியின் மலை. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்தவன் என்று புறநானூறு அவனைப் பாடுகிறது. புதியோர் கொள்கையைச் சார்ந்த ஆய்வாளரும் ஒரே டியூப்பில் ஐந்து மூட்டைகளைக் கட்டியிருந்தார். அந்தப் புது டியூப், 16 அங்குலச் சக்கரத்துக்கென்று கையிருப்பாக வாங்கியது.

37ஆம் வளைவில் பின் சக்கரம் காற்றிறங்கியது.

அரை மணி நேரத்தில் மேலிருந்து ஓர் எக்ஸ்எல் இறங்கி வந்தது. முன்னால் இரண்டு, பின்னால் ஆறு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு: பத்து வாழைத்தார், எல்லாம் பழைய டியூப்பால் கட்டியவை. ஓட்டி வந்தவர் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார்.

“ஸ்டெப்னி டியூப் இல்லையா சார்?”

ஆய்வாளர் கட்டைக் காட்டினார். வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. அவிழ்த்து, அதன் நுனியில் இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டி, தம் பம்ப்பால் காற்றடித்தார். கட்டு இப்போது இரண்டு விரல் குறைவு. நான்கு மூட்டைதான் அதில் அடங்கியது. ஐந்தாவது காகிதப் பை.

“இதுல என்ன சார் இருக்கு?”

“ஆராய்ச்சி.”

“அடித்தார் ரெண்டும் நசுங்குது. கொஞ்சம் தாள் கிடைச்சா மெத்தை மாதிரி வெச்சுக்குவேன்.”

மூட்டைத்திணை மூலப்படியின் இரண்டாம், ஐந்தாம், ஆறாம் இயல்கள் கிடைத்தில.