புளியும் பளிங்கும்: யாழ்ப்பாணக் குசினி மேடை பற்றிய ஓர் ஆய்வு

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுகிறவருக்குக் கிணறு எங்கே, வாசல் எந்தத் திசை என்பதெல்லாம் சாத்திரியார் தீர்த்துவைக்கும் சங்கதிகள். சாத்திரத்தில் இல்லாதது குசினி மேடை. இத்துறைப் புலமையாளர் மூவர்: வீட்டுக்கார அம்மா, மேசன், ரொறன்ரோவிலிருந்து வீடியோவில் தோன்றும் மகள். மூவரும் ஒருமுகமாகச் சொல்வது, மேடை மாபிள் மாதிரி இருக்கவேண்டும், மாபிளாக இருக்கக்கூடாது. இந்த இரண்டாம் பாதியே நமது ஆய்வுப்பொருள்.

முதலில் நிலம். குடாநாடு கிடப்பது மயோசின் காலச் சுண்ணக்கல்லின்மேல். அந்தக் கல்லே பூமிக்கடியில் வெப்பமும் அழுத்தமும் பட்டு உருமாறினால் பளிங்கு. தாஜ்மகாலுக்குப் போன மக்ரானாக் கல்லும் நாங்கள் கிணறு வெட்டும்போது சபித்துக்கொண்டு உடைக்கும் கல்லும் அடிப்படையில் ஒரே கல்சியம் காபனேற்று. அது வெந்தது, எங்களது வேகாதது. பொறுமையில்லாமல் 1950இல் காங்கேசன்துறையில் ஆலை வைத்து நாமே சூளையில் வேகவைத்தோம், வந்தது சீமெந்து. 1990இல் யுத்தம் அதையும் மூடியது.

அடுத்தது அமிலம். ஐயமுள்ளோர் வளவில் கிடக்கும் சுண்ணக்கல்லில் அரைத் தேசிக்காய் பிழிந்து பார்க்கலாம். ஊசிமுனைக் குமிழிகள் எழுந்து நுரைக்கும். வழுவழுப்பான பளிங்கென்றால் காய்ந்தபின் மங்கல் தழும்பு நிற்கும், எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. மழைநீரிலுள்ள மென்மையான காபோனிக்கமிலம் பாறையைக் கரைத்துக் கரைத்துத்தான் புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணறு உண்டானது. மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர், அடியே இல்லையென்பது ஊர்ப்பேச்சு. வெறும் மழைக்கே இந்தக் கதியென்றால், பழப்புளி கரைத்த ஒடியல் கூழ் சிந்தும் மேடை என்னாவது? வீட்டுக்குள் நிலாவரை வளர்க்க விரும்புவோர் அசல் மாபிளே பதிக்கலாம்.

ஆகவே போலிகள். கறுப்புக் கிரானைற் உறுதியானது, ஆனால் அது அம்மியின் இனசனம். அம்மியைக் கிணற்றடிக்குத் தள்ளிவிட்டு அதன் ஒன்றுவிட்ட தம்பியின்மேல் மிக்சி வைப்பதைச் சில மாமியார்கள் ஏற்பதில்லை.

குவாட்ஸ் பலகை அப்படியல்ல. ஏறத்தாழ 90 வீதம் குவாட்ஸ் துகள், மிச்சம் பிசின். மோஸ் கடினத்தில் கல்சைற்று 3, குவாட்ஸ் 7. தேசிக்காய்க்கு அசையாது. பிசினுக்குத்தான் சூடு ஆகாது: இறக்கிய சட்டியை நேரே வைத்தால் வட்டமாகத் தடம் விழும். இன்னொன்று, இதில் பகிடி இல்லை. அதை வெட்டுகிறவர்களின் நுரையீரலைச் சிலிக்காத் தூசு தின்றதால் அவுஸ்திரேலியா 2024 யூலை 1 முதல் இந்தப் பலகையையே தடைசெய்துவிட்டது.

மலிவான வழி போசிலின் ரைல்ஸ். கடையில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் இப்படித்தான்:

“தம்பி, துடைச்சாப் போகவேணும்.”

“எல்லாம் போகும் அன்ரி.”

“மஞ்சள்?”

“ரைல்ஸிலை போகும்.”

பொருத்துக்கோட்டைப் பற்றித் தம்பி மூச்சு விடுவதில்லை. மஞ்சளும் மிளகாய்த்தூளும் குடியேறுவது அங்கேதான். அச்சிட்ட நரம்போ ஒரு ரைலில் ஆறுபோல ஓடி, விளிம்பில் நின்று, சில ரைல்ஸ் தள்ளி அதே வளைவோடு மறுபடி பிறக்கிறது. கெட்டிக்கார மேசன் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பதித்து அதை மறைப்பார். இதுவே இத்துறையின் உயர்ந்த கலை என்பது என் துணிபு.

கள ஆய்வில் ஒரு சிக்கல் வந்தது. புது வீடுகளில் எந்த மேடையிலும் கறையே இல்லை. பின்வளவுக்குப் போனபோது காரணம் விளங்கியது: தகரக் கொட்டில், விறகடுப்பு, சட்டியில் நண்டுக்கறி. உள்ளே மேடையில் கேத்தில், பிஸ்கட் பேணி, கலியாணக் காட்டுகள். சோதனையை முடிக்காமல் விடக்கூடாதென்று ஒரு வீட்டில் அரைத் தேசிக்காயோடு மேடையை நெருங்கினேன். அம்மா என் கையிலிருந்து அதைப் பறித்தார்.

“அதிலை ஒண்டும் வையாதேங்கோ தம்பி, இப்பதான் துடைச்சனான்.”