சந்தா மாமா

வெளிநாட்டுப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறவர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். சித்தூரில் என்றால் கொங்காரெட்டிப்பள்ளிப் பக்கமும், திருப்பதியில் என்றால் பவானி நகர்ப் பக்கமும் தேடலாம். கல்லூரியிலோ கலெக்டர் ஆபீசிலோ வேலை பார்த்து ரிடையரானவர். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு, பத்திரிகை மட்டும் இங்கிலீஷ். தெருப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'சந்தா மாமா'. தெலுங்கு 'சந்தமாமா'வும் தமிழ் 'அம்புலிமாமா'வும் 1947-இல் சேர்ந்தே பிறந்தவை. இரண்டையும் படித்து வளர்ந்த ஊருக்குப் பெயர் வைக்கத் தெரியாதா என்ன?

மாமா பத்திரிகை படித்து யாரும் பார்த்ததில்லை. வந்த இதழ்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஷோகேசில் நிற்கும். அவர் பெயரும் கடைசி வரியில் 'இந்தியா'வும் அச்சிட்ட முகவரிச் சீட்டு வெளியே தெரிய வேண்டுமே! அவர் ஒரு வரி விடாமல் படிப்பது, 'உங்கள் சந்தா முடியப்போகிறது' என்று வரும் கடிதத்தைத்தான். அது வந்த அன்று முகத்தில் ஒரு களை வரும். சட்டையை மாட்டிக்கொண்டு பேங்குக்குக் கிளம்பிவிடுவார்.

"இதெல்லாம் போன்லயே படிக்கலாமே, மாமா" என்று பக்கத்து வீட்டுப் பையன் ஒருமுறை சொல்லிவிட்டான். அலிபிரியில் 3,550 படி ஏறக் கிளம்பியவரை நிறுத்தி, மலைக்கு பஸ் ஓடுகிறது என்று சொன்னால் எப்படிப் பார்ப்பார்? அப்படிப் பார்த்தார்.

அவர் காலத்துக் கதை வேறு. 1973-இல் வந்த அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெராவை, சொத்தில் பங்கு கேட்டு வழக்குப் போட்ட பங்காளியைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவார். டாலர் என்று வாயெடுத்தாலே பேங்க்காரர் பூர்வோத்திரம் விசாரித்த நாட்கள் அவை. யுனெஸ்கோ கூப்பன் என்று ஒன்று இருந்ததாம். 1948-இல் தொடங்கிய திட்டம். உள்ளூர்ப் பணம் கட்டிக் கூப்பன் வாங்கி அனுப்பினால், வெளிநாட்டுப் பதிப்பாளர் அதைத் தம் நாட்டுப் பணமாக மாற்றிக்கொள்ளலாம். மற்றவர்கள் 'சோவியத் நாடு' வாங்கி, அந்தப் பளபளப்புத் தாளில் பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போட்டபோது மாமா கூப்பனுக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தார். 'சோவியத் நாடு' தமிழில், ரூபாய்க்கே கிடைத்தது. கஷ்டமில்லாமல் வருவது வெளிநாட்டுப் பத்திரிகை ஆகுமா என்பது அவர் கட்சி.

குடும்ப வரலாறுகூட அவருக்கு டாலர் விலையில்தான் ஞாபகம். 1966 ஜூனில் டாலர் 4.76 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 7.50 ஆனது. அதற்குப் பிறகு நடந்தது கல்யாணம். "எங்க கல்யாணம் ஏழரையில நடந்தது" என்பார் பெருமையாக. "ஆமாம், இன்னும் விடலை" என்று அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வரும்.

இப்போது ஆளுக்கு வருஷம் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்கிறது ரிசர்வ் வங்கி. மாமாவுக்கு வேண்டியது நாற்பது டாலர். அந்த நாற்பதுக்கு என்ன பாடு! திருப்பதி மாமாவின் பின்கோடு 517501. இணையதளப் படிவமோ ஐந்து எண்ணுக்கு மேல் வாங்காது. 'மாநிலம்' என்ற இடத்தைத் தொட்டால் அலபாமாவில் தொடங்கி வயோமிங்கில் முடிகிறது, ஆந்திராவைக் காணோம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமான செய்தியும் அமெரிக்காவுக்கு இன்னும் எட்டவில்லை. அதனால் சித்தூர், திருப்பதி என்று இரண்டு மாவட்டத்தையும் எழுதிவைப்பார்.

கார்டு வேறு, புதிதாக வரும்போதே வெளிநாட்டு வழி மூடித்தான் வரும். அதைத் திறக்கச் சொல்லி பேங்குக்குப் போனால், கவுண்டர் பெண் நிமிர்ந்து, "புக்குகா சார்? எந்துகு?" என்பாள். அந்தக் கேள்விக்கு மாமாவிடம் முக்கால் மணி நேரப் பதில் இருக்கிறது. டோக்கனோடு நிற்பவர்களும் கேட்டாக வேண்டும். கடைசியில் பணம் போகும், ஓடிபி கேட்காமலே! தங்கச் சங்கிலி பறிபோனவர் போலப் பதறி, மறுபடி பேங்குக்கு ஓடுவார். மாற்றுக் கட்டணம் மூன்றரை சதவீதம், அதன்மேல் ஜி.எஸ்.டி. இதைப் பாக்கெட் நோட்டில் குறித்துக்கொள்ளும்போது கையில் ஒரு நிதானம் தெரியும்.

2021 அக்டோபரில் கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி கெடுபிடி போட்டதும் பல வெளிநாட்டுச் சந்தாக்கள் நின்றுபோயின. ஊரே புலம்பியது, மாமா மட்டும் அத்தையிடம் கேசரி கிளறச் சொன்னார்.

இந்த ஆட்டத்தைக் கெடுத்தவன் நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா மகன். அவனுக்கு இங்கிருந்து தேவஸ்தானத்தின் 'சப்தகிரி' தமிழ் இதழும், வருஷப் பிறப்புக்குத் தேவஸ்தானக் காலண்டரும் போகும். மாமா ரூபாயில் கட்டுகிறாரே என்று கைம்மாறு நினைத்த பையன், மாமாவின் பத்திரிகைக்கு அங்கிருந்தே மூன்று வருஷச் சந்தாவைக் கட்டிவிட்டான். ஒரு நிமிஷ வேலை. போனில் சொன்னபோது மாமா வெகுநேரம் பேசவில்லை. "மூணு வருஷம் நான் என்னடா பண்றது?" என்றார் பிறகு.

நாலு நாள் மோட்டுவளையைப் பார்த்தபடி கிடந்தார். ஐந்தாம் நாள் காலையில் லண்டன் பத்திரிகை ஒன்றின் விவரத்தை எங்கிருந்தோ பிடித்துவிட்டார். "ஏண்டா, பவுனு என்ன விலைன்னு பாரு" என்று பக்கத்து வீட்டுப் பையனுக்குக் குரல் கொடுத்தார்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்திய வீட்டில் அவர் பவுன் விலை கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பீரோவைத் திறந்து, பட்டுப்புடவையை எடுத்து வெளியில் வைத்தாள்.