ஒருபெயர் மாளிகைகள்: ஒரு பூர்வாங்க ஆய்வு

இங்கிலாந்தின் பழைய மாளிகைகளைப் பற்றி எழுதிய அறிஞர்கள் தூண், கூரை, ஓவியம், படிக்கட்டு என்று ஒன்றையும் விடாமல் அளந்து வைத்திருக்கிறார்கள். ஒரே பெயரை இரண்டு மூன்று மாளிகைகள் வைத்துக்கொண்டிருக்கும் விவகாரத்துக்குத்தான் ஒரு தனித்துறை ஏற்படவில்லை. ஏற்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் பணிவான வாதம். தலைமை தாங்க ஆள் தேவைப்பட்டால் இக்கட்டுரையாளர் மறுக்கமாட்டார்.

பெரும்பாலான பெயர்கள் ஊரிலிருந்து வந்தவை. ஹௌட்டன் என்ற ஊர்கள் பல. ஆகவே நார்ஃபோக்கில் பிரதமர் வால்போல் கட்டிய ஹௌட்டன் ஹால் உண்டு, பெட்ஃபோர்ட்ஷயரில் ஹௌட்டன் ஹவுஸ் உண்டு. முன்னதன் ஓவியங்களை 1779இல் வால்போலின் பேரன் ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்கு விற்றார். பின்னதன் கூரையையே 1794இல் பெட்ஃபோர்ட் பிரபு கழற்றிவிட்டார். ஒருபெயர் வீடுகளுக்குச் சொத்து தங்காது என்று இதிலிருந்து ஒரு விதி வகுக்கலாம். சான்று இரண்டே என்றாலும் இரண்டும் வலுவானவை.

டெர்பிஷயரில் நிலைமை இன்னும் நெருக்கடி. ஹார்ட்விக்கின் பெஸ் என்று பெயர்பெற்ற ஷ்ரூஸ்பரி சீமாட்டி 1587இல் ஒரு ஹார்ட்விக் ஹாலைக் கட்டத் தொடங்கினார். அது முடிவதற்குள், 1590இல், பக்கத்திலேயே இன்னொரு ஹார்ட்விக் ஹாலுக்குக் கடைக்கால் எடுத்துவிட்டார். இன்றைக்கும் முதலாவதற்குப் பழைய ஹால் என்றும், இரண்டாவதற்குப் புதிய ஹால் என்றும் பெயர். மூன்று வயது மூத்த ஒரே குற்றத்துக்கு நானூறு ஆண்டுகளாகக் கிழப்பட்டம். புதிய ஹாலின் கோபுர உச்சிகளில் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தினார் சீமாட்டி. தாமே தவறிப்போய்ப் பழையதற்குள் நுழைந்துவிடக் கூடாதே என்ற முன்யோசனையாக இருக்கலாம்.

கார்டினல் உல்சி பற்றிய ஒரு கருதுகோளையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். தேம்ஸ் கரை ஹாம்ப்டன் கோர்ட் அவருடையது. அதே பெயரில் ஹெர்ஃபோர்ட்ஷயரிலும் ஒரு கோட்டை வீடு இருக்கிறது. ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மூர் பார்க்கின் முன்னோடியான மோர் மாளிகையும் அவர் கையில் இருந்தது. அந்தப் பெயரும் பிற்பாடு இரட்டித்தது. உல்சி குடியிருந்த வீட்டுக்கு இரட்டை பிறக்கும் என்பதே கருதுகோள். ஹெர்ஃபோர்ட்ஷயர் வீடு உல்சி பிறப்பதற்கு முன்பே எழும்பியது என்பது காலவரிசை சார்ந்த சிறு இடையூறு.

இனி மூர் பார்க். வில்லியம் டெம்பிள், இரு குடும்பங்களும் முட்டுக்கட்டை போட்ட காதலில் பல ஆண்டுகள் காத்திருந்து, 1654 கிறிஸ்துமஸ் அன்று டாரதி ஆஸ்போர்னைக் கைப்பிடித்தார். தேனிலவு ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மூர் பார்க்கில். பிறகு தூதர் வேலையெல்லாம் பார்த்து அலுத்து, ஓய்வுக்காகச் சர்ரேயில் ஃபார்ன்ஹாம் அருகே ஒரு வீடு வாங்கியபோது, அதற்கு மூர் பார்க் என்றே பெயர் வைத்தார். அதோடு நின்றிருந்தால் சரி. தோட்டங்களைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதி, உலகில் தாம் கண்டதிலேயே சிறந்தது மூர் பார்க் தோட்டம் என்று புகழ்ந்தார். புகழ்ந்தது பழையதை, அவசரமாகப் படிப்பவரோ மனிதர் சொந்தக் கொல்லையைத்தான் மெச்சிக்கொள்கிறார் என்று நினைப்பார். 1699இல் அவர் இறந்தபோது உடல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குப் போயிற்று, இதயம் சர்ரே தோட்டத்துச் சூரியக் கடிகாரத்தின் கீழ் புதைக்கப்பட்டது. ஒன்றை இரண்டாக்கும் பழக்கம் கடைசிவரை விடவில்லை.

ஜோனதன் ஸ்விஃப்ட் செயலாளராக இருந்ததும் சர்ரே வீட்டில்தான். அவரைத் தேடி லண்டன் மெட்ரோபாலிடன் ரயிலில் ஏறி மூர் பார்க் நிலையத்தில் இறங்குபவர், ஒரு கோல்ஃப் கிளப்பில் போய் நிற்பார்.

நாம் இன்ஷியல் போடுவதுபோல அங்கே மாவட்டப் பெயரைச் சேர்த்துச் சமாளிக்கிறார்கள். பழத்துக்கு அந்த வசதி இல்லை. மூர் பார்க் ஆப்ரிகாட் என்றொரு ரகம் உண்டு. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் குடியிருந்த கடற்படைத் தளபதி ஆன்சன் பிரபு கொண்டுவந்தது என்பது ஒரு கட்சி. இல்லை, டெம்பிளுடையது என்பது எதிர்க்கட்சி. ஜேன் ஆஸ்டினின் 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' (1814) நாவலில் இந்த மரம் சாட்சிக்கூண்டில் ஏறுகிறது. விலை 7 ஷில்லிங், பில்லில் மூர் பார்க் என்றே போட்டிருந்தது என்று அடித்துப் பேசுகிறாள் திருமதி நாரிஸ். அந்தப் பழத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் சுவையில் வித்தியாசமில்லை என்கிறார் டாக்டர் கிராண்ட். எந்த மூர் பார்க் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

கலிஃபோர்னியாவில் மூர்பார்க் என்றொரு நகரம் இருக்கிறது. பெயர் வந்தது அந்த ஆப்ரிகாட்டிலிருந்து. அந்த ஊர்க்காரர் எவராவது பூர்வீகம் பார்க்கக் கிளம்பினால், ஹெர்ட்ஃபோர்ட்ஷயருக்கும் சர்ரேக்கும் சேர்த்தே டிக்கெட் எடுத்துவிடுவது நல்லது.