மாடியில் ஒரு ஹஸ்கி

நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் உடம்பிலும் ஆக்சிடோசின் கூடுகிறது என்று 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சொன்னார்கள். எங்கள் அடுக்குமாடியில் பலன் இன்னும் விசேஷம். டாக்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டும் நடக்காத மூன்றாம் மாடி மாமா, இப்போது விடியற்காலையில் ஹஸ்கியின் பின்னால் ஓடுகிறார். யார் யாரைக் கூட்டிப்போகிறார்கள் என்பதில்தான் குழப்பம். சைபீரியப் பனிக்கென்றே பிறந்த ஜீவன் அது. சென்னையில் அதற்காக நாள் முழுக்க ஏசி ஓடுகிறது. மாமி கேட்டபோது கரண்ட் பில் கட்டுப்படியாகாது என்றவர் இவரேதான்!

“2005இல் தபால்தலையிலேயே போட்ட ராஜபாளையம் நாய் இருக்கே மாமா, அதை வாங்கியிருக்கலாமே?”

அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, “அதுக்குத் தமிழ் புரியுமேப்பா, வீட்ல மாமி என்னைத் திட்றதெல்லாம் கேட்டுண்டிருக்கும்” என்றார்.